லீட்ஸ் குளிருக்கு எந்த ஆமை?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறோம். ஒன்பது வயது மகள் ஒரு வருடமாக ஆமை கேட்கிறாள். கடையில் உள்ளங்கையில் அடங்கும் சுல்காட்டா குட்டி ஒன்றைக் காட்டினார்கள், விலையும் குறைவு. வீட்டில் பழைய நான்கடி மீன் தொட்டி இருக்கிறது, அதில் வைக்கலாமா? குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் போதுமா? எனக்கு எங்கள் ஊர் நட்சத்திர ஆமை மேல்தான் ஆசை. மாமியாரோ "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தச் சுல்காட்டாவை வாங்காதீர்கள். அது சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் வாழும் இனம். இன்று உள்ளங்கையில் இருப்பது நாளை 40, 50 கிலோவாகும், அதற்கு மேலும் போகும். அதைத் தூக்கிச் சுமக்க இரண்டு ஆள் வேண்டும். எடைகூட இரண்டாவது பிரச்சினைதான். சுல்காட்டாவுக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு முழு அறையை இரவும் பகலும் சூடாக வைத்திருக்க வேண்டும். மின்கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தனை பெரிய உயிர் மாதக்கணக்கில் நடக்க இடமில்லாமல் அடைந்து கிடப்பதைப் பார்க்க உங்களுக்கே மனம் பொறுக்காது. சிறுத்தை ஆமைக்கும் குளிர்காலத் தூக்கம் கிடையாது.

நட்சத்திர ஆமை ஆசை எனக்குப் புரிகிறது. முள்காட்டில் மழை விட்ட காலையில் அது நடந்து வரும் அழகை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019-இல் உலக அளவிலும் அதன் வணிகம் மிகக் கடுமையான பட்டியலுக்குப் போய்விட்டது. கடத்தலில் பெட்டி பெட்டியாகச் செத்த இனம் அது. அதுவும் குளிர்காலத்தில் தூங்காத வகைதான். அது நம் ஊர்க் காட்டிலேயே நடக்கட்டும்.

லீட்ஸுக்கு நான் சொல்வது ஹெர்மன் ஆமை. இத்தாலி, பால்கன் நாடுகள் என்று தெற்கு ஐரோப்பாவில் வாழ்வது. வளர்ந்தால் பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் நிற்கும். முக்கியமாக, குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கத் தெரிந்த இனம். இன்னொன்று ஹார்ஸ்ஃபீல்டு ஆமை, கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் புல்வெளிகளைச் சேர்ந்தது. 1968-இல் சோவியத் விண்கலம் ஒன்றில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய இரண்டு ஆமைகளும் இந்த இனம்தான். குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரம் ஆகாது, மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும். ஓயாமல் தூறும் ஊரில் முதல் ஆமையாக வளர்ப்பவருக்கு ஹெர்மனே கைக்கு அடங்கும் என்பது என் அனுபவம்.

இனத்தை விட முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆமையைக் கொல்வது குளிர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரை அதிகம் கொன்றது அரைக்குளிர். ஆமையின் உடம்பில் நம்மைப் போல உள்ளே எரியும் அடுப்பு கிடையாது. வெளியில் என்ன சூடோ அதுதான் உள்ளேயும். 30 டிகிரியை ஒட்டிய உடல்சூட்டில் தின்கிறது, செரிக்கிறது. 5 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே நின்று ஆழ்ந்து தூங்குகிறது. இடையில் 10 முதல் 15 டிகிரி வரை ஒரு கெட்ட இடம் இருக்கிறது. அங்கே அது தூங்குவதும் இல்லை, தின்பதும் இல்லை. வயிற்றில் இருப்பது செரிக்காமல் புளிக்கும். சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஒரு பிப்ரவரியில் என்னிடம் ஓர் ஆமையைக் கொண்டு வந்தார்கள். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு கராஜில் வைத்திருந்தார்கள், அன்போடுதான் செய்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டு பாய்லர். கராஜ் முழுக் குளிர்காலமும் 12, 13 டிகிரியிலேயே நின்றிருக்கிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. மூன்று வாரம் குழாய் வழியாக ஊட்டியும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன்: ஒன்று முழுதாக விழித்திருக்கட்டும், இல்லை முழுதாகத் தூங்கட்டும்.

ரேடியேட்டர் யோசனை சரிவராததும் இதனால்தான். அது அறையை 20 டிகிரிக்குக் கொண்டுவரும், இரவில் அணைந்துவிடும். ஆமை முதுகில் வெயில் வாங்கிச் சூடேறும் பிராணி. மேலிருந்து விழும் சூடுதான் அதற்குத் தெரியும்.

மீன் தொட்டியும் வேண்டாம். கண்ணாடி என்று ஒன்று இருப்பது ஆமைக்குப் புரியாது. வெளியே தெரிகிற இடத்துக்குப் போகப் பார்த்து நாள் முழுதும் சுவரை உரசிக்கொண்டே நிற்கும். தொட்டிக்குள் காற்றும் ஓடாது, ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி என்று பிரிக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக மேல்பக்கம் திறந்த ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். குட்டிக்குக் குறைந்தது 4 அடிக்கு 2 அடி, இடம் இருந்தால் இன்னும் பெரிதாக. பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் போட்டுச் செய்தவர்கள் உண்டு, அருமையாக இருக்கும். உரமும் பூச்சிமருந்தும் கலக்காத தோட்டத்து மேல்மண்ணோடு குழந்தைகள் விளையாடும் மணலைக் கலந்து, குட்டி புதைந்துகொள்ளும் ஆழத்துக்குப் போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். காய்ந்த மண்ணில் வளரும் குட்டிகளின் ஓடு மேடும் பள்ளமுமாகக் கூம்பிவிடுகிறது.

பெட்டியின் ஒரு முனையில் சூட்டு விளக்கு. அதன் நேர்கீழே ஆமையின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி வர வேண்டும், மறுமுனை 20 டிகிரிக்குப் பக்கத்தில். தெர்மாமீட்டர் வைத்து அளந்து விளக்கை ஏற்றி இறக்குங்கள், கையை வைத்து உத்தேசிக்காதீர்கள். இதோடு யுவிபி என்னும் புறஊதாக் கதிர் தரும், T5 எனப்படும் மெல்லிய நீளக் குழல்விளக்கு கட்டாயம். யுவிபி இல்லாமல் வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லாமல் தின்ற சுண்ணாம்புச்சத்து ஓட்டில் சேராது. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், போதாது. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு விளக்கும் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் எல்லாவற்றையும் ஆமை என்றே சொல்கிறோம். ஊர்க் கிணற்றில் பார்த்த ஆமை வேறு, இது வேறு. இதற்கு நீந்தத் தெரியாது. குட்டியைத் தினமும் தாடை வரைக்கும் மட்டும் எட்டும் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஆள் பக்கத்தில் இருக்க, நிற்க விடுங்கள். அப்போதுதான் வேண்டிய தண்ணீர் குடிக்கும், கழிவும் போகும்.

பெட்டி என்பது குட்டிப் பருவத்துக்கும் கெட்ட வானிலைக்கும்தான். ஆமையின் உண்மையான வீடு உங்கள் தோட்டம். தெற்கு பார்த்த, நாள் முழுதும் வெயில் விழும் மூலையை ஒதுக்குங்கள். தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாக்கி, எட்டிப் பார்க்க முடியாத பலகையால் வேலி போடுங்கள். ஓர் அடிக்கு மேல் உயரம், அரையடி மண்ணுக்குள். உள்ளே பாலிகார்பனேட் கூரை போட்ட சின்னக் கண்ணாடிக் கூண்டு, செடி நாற்றுக்கு வைப்பார்களே, அது ஒன்று வேண்டும். அதனுள், சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் ஓடும் சூட்டு விளக்கு. ஜூலையிலும் 20 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உங்கள் ஊரில் உண்டு. இந்தக் கூண்டு இருந்தால்தான் அந்த நாட்களில் ஆமை சூடேறித் தின்னும். நரிக்கும் எலிக்கும் பயந்து குட்டிகளுக்கு மேலே கம்பிவலை போடுங்கள், இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

தீனிக்குச் செலவில்லை. டான்டிலையன், க்ளோவர், சோ திசில் என்று மற்றவர்கள் பிடுங்கி எறியும் களைதான் அதற்கு விருந்து. செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். தக்காளி, வெள்ளரி, பழம் வேண்டாம், நாய் பூனைத் தீனி கூடவே கூடாது. பசலை போன்ற கீரையைத் தினமும் போடாதீர்கள், அது சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடு அங்கே பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும், ஒரு துண்டு போட்டு வையுங்கள். வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

இனி தூக்கம். ஆகஸ்ட் கடைசியில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயுள்ளதையும் எடை குறைந்ததையும் தூங்க வைக்கக் கூடாது, அந்த வருடம் விளக்கடியிலேயே இருக்கட்டும். நன்றாக இருந்தால், குட்டிக்கு இரண்டு வாரம், பெரியதற்கு மூன்று நான்கு வாரம் தீனியை நிறுத்தி, சூட்டைக் குறைக்காமல் தினமும் குளிப்பாட்டுங்கள். குடல் காலியாக வேண்டும். அதன்பின் சூட்டைப் படிப்படியாக இறக்குங்கள். கடைசி இடம் எது தெரியுமா? ஃப்ரிட்ஜ். கேட்டவுடன் திடுக்கிடாதீர்கள். 5 டிகிரியை நாள் தவறாமல் பிடித்து வைக்க வீட்டில் வேறு பொருள் இல்லை. சமையல் ஃப்ரிட்ஜ் அல்ல, தனியாக ஒன்று. ஆமையை வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீர் பாட்டில்களை அடுக்கி ஓடவிட்டு, 3-க்கும் 7-க்கும் இடையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் போய்விடும். 10-க்கு மேல் ஏறினால் விழித்துவிடும். காற்றோட்டத்துக்காக இரண்டொரு நாளைக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு குறைவது இயல்பு. மொத்தம் பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலும், தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிட்டாலும் உடனே எழுப்பிவிடுங்கள். முதல் வருடம் மூன்று நான்கு வாரம் போதும். எழுந்ததும் வெதுவெதுப்பான குளியல், பிறகு விளக்கு. ஒரு வாரத்துக்குள் தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றே ஒன்று வாங்குங்கள். "துணை வேண்டாமா?" என்று மகள் கேட்பாள். ஆமைக்குத் தனிமை சுமையல்ல. இரண்டு ஆண் சேர்ந்தால் முட்டி மோதும், ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பெண்ணுக்கு நிம்மதி இருக்காது. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில், வீட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்ப்பவரிடம் ஒன்றிரண்டு வயதானதாகப் பாருங்கள். கண் தெளிவாக, மூக்கில் நுரை இல்லாமல், கையில் எடுத்தால் சின்னக் கல்லைப் போலக் கனக்க வேண்டும். ஹெர்மனை விற்பவர், அதை விற்க அரசு தரும் அனுமதியான ஆர்ட்டிகிள் 10 சான்றிதழின் அசலைக் கையில் தர வேண்டும், நகல் செல்லாது. வயிற்று ஓடு 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த ஆமைக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும். சான்றிதழ் பிறகு அனுப்புகிறேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பெட்டியும் விளக்கும் ஒரு வாரம் ஓடிச் சரியான சூட்டைக் காட்டிய பிறகே ஆமையைக் கொண்டு வாருங்கள். மகள் தொட்டு விளையாடலாம், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கலாம்.

மாமியார் சம்மதத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. இது ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். வீட்டில் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் அது என்றாவது ஆமையின் மேல்தான் விழும். அந்தப் பழமொழியில் வரும் ஆமை கல்லாமை, பொறாமை, முயலாமை என்று பொருள் சொன்ன பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். ஹெர்மன் வளர்க்கும் வீடு ஏதாவது பக்கத்தில் இருந்தால் ஒரு வெயில் நாளில் அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். மரப்பெட்டிக்கு அளவெடுக்கும்போது தோட்டத்தின் படத்தையும் வெயில் விழும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள், கூண்டை எந்த மூலையில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.