குரல் வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதா?

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டில் பீட்டில்ஸ் குரல் வலப்பக்கமே ஒதுங்குவது காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோளாறு அல்ல, பதிவே அப்படி. 1963-ல் இரட்டை டிராக் டேப்பில் குரலை ஒன்றிலும் வாத்தியங்களை மற்றதிலும் பதிந்தார்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோவுக்காகச் செய்த ஏற்பாடு அது. மோனோ தட்டில்தான் அந்தப் பாட்டுகளின் முழு வேகமும் தெரியும்.

சந்தேகமிருந்தால் ஏதாவது மோனோ தட்டைப் போடுங்கள். குரல் நட்டநடுவில் நின்றால் காட்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது. இடப்பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் காட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லில் வெள்ளை, நீலக் கம்பிகளின் கிளிப்பைக் கழற்றி, களிம்பைத் துடைத்து, இறுக்கமாக மாட்டுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திக் கேளுங்கள், குரல் நடுவுக்கு வந்துவிடும். பட்டன் இல்லையென்று இரண்டு ஸ்பீக்கர் கம்பிகளையும் ஒன்றாக முறுக்காதீர்கள், ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகலாம்.