பந்தி வஞ்சனை

கேள்வி: அமெரிக்காவில், ஒஹாயோவில் பேராசிரியராக இருக்கிறேன். என்னிடம் பி.எச்டி. செய்யும் ஐந்து பேரில் ஒருத்தி கறுப்பினப் பெண், லூசியானாக்காரி. ஐவரிலும் அவள்தான் கெட்டிக்காரி. மூன்றாம் வருடத்தில் வந்து, ‘இது எனக்கான இடமில்லை, போகிறேன்’ என்கிறாள். நான் யாரிடமும் பாரபட்சம் பார்த்ததில்லை. துறையின் எல்லாக் கமிட்டியிலும் அவளைப் போட்டிருக்கிறோம். தீபாவளிக்கு மட்டும், காரம் ஒத்துக்கொள்ளாதே என்று அவளை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் (நம் ஊர்ப் பிள்ளைகள்) சாப்பிடக் கூப்பிட்டேன். அவளுக்கு எப்படித் தன்னம்பிக்கை ஊட்டுவது? - ஒரு வாசகி

பதில்: தன்னம்பிக்கை கிடக்கட்டும். தீபாவளிக்கு வாருங்கள்.

காரம் ஒத்துக்கொள்ளாது என்று அவள் சொன்னாளா? டபாஸ்கோ என்கிற மிளகாய் சாஸ் தயாராவதே லூசியானாவில்தான். அங்கே வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவிடும் ‘கம்போ’ என்கிற குழம்புக்கு அந்தப் பெயரே ஓர் ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருப்பாள். மூன்று வருடத்தில் இதைக்கூட நீங்கள் விசாரிக்கவில்லை.

சாப்பாடு போகட்டும். கை கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள்? எந்த மாநாட்டுக்கு யார் போவது, எங்கே வேலை காலி, அடுத்த கட்டுரையில் யார் பெயர் முதலில்... வாத்தியார் வீட்டில் வேறென்ன பேசுவார்கள்? திங்கட்கிழமை அந்த நால்வரும் விஷயம் தெரிந்து வந்திருப்பார்கள், அவள் ஒன்றும் தெரியாமல் வந்திருப்பாள். போட்டோவுக்கும் கமிட்டிக்கும் அவள் வேண்டும், பந்திக்கு வேண்டாம். இதற்குப் பெயர் பாரபட்சம் இல்லையா?

எங்கள் பாட்டி, ஓர் இலைக்கு அப்பளம் விட்டுப்போனால் பரிமாறியவரைச் சபையிலேயே வைத்து ஏசுவாள். மருமகன், மாமனார் என்று பார்க்கமாட்டாள். ஆய்வுக்கு வழிகாட்டி என்றால் வீட்டுப் பெரியவர் மாதிரி. பெரியவர் பந்தி வஞ்சனை செய்தால் அது சாதாரணக் குற்றமல்ல. இதில் நான் பழைய காலத்து மனுஷிதான்.

1958-ல் சியாமளா கோபாலன் (கமலா ஹாரிஸின் அம்மா) 19 வயதில் தனியாக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய் இறங்கினார். சென்னையில் பிறந்த அந்தப் பெண்ணைத் தங்களில் ஒருத்தியாக உட்காரவைத்துக்கொண்டது, கறுப்பின மாணவர்கள் கூடிப் படித்த ஒரு வட்டம். ‘நம் சாப்பாடு இவளுக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று அவர்கள் விட்டுவிடவில்லை. உங்கள் விசாவுக்கும் இதே சம்பந்தம் உண்டு. கறுப்பின மக்கள் போராடி வாங்கிய 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு மறுவருடம் வந்த குடியேற்றச் சட்டம்தான் நம்மவர்களுக்கு அந்த நாட்டின் கதவைத் திறந்தது. கடன்பட்டவர் நீங்கள்.

அவள் ஆய்வு நேரத்தைத் தின்னும் அந்தக் கமிட்டிகளில் ஒன்றை மட்டும் அவள் விருப்பப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி, மற்றதிலிருந்தெல்லாம் அவள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். துறைத் தலைவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அவளை அனுப்பாதீர்கள். ஐவரில் கெட்டிக்காரி என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவளிடம் ஒருதரமாவது சொன்னீர்களா? அடுத்த கட்டுரைப் பேச்சை அவள் எதிரில் ஆரம்பியுங்கள்.

பொங்கல் வரை காத்திருக்கவேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்து பேரையும் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் அவளைத் தனியாகப் பார்த்து, தீபாவளிக்குக் கூப்பிடாததற்கு மன்னிப்புக் கேளுங்கள். காரத்தைக் காரணம் சொல்லாமல் கேளுங்கள்.