முறை யாருடையது?

ஐயா,

அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் முதுமையில் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றி ஓர் உரையில் சொன்னீர்கள். எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? ஒரு சந்தேகமும் உண்டு. நாளைக்கு உலகம் படிக்கும் என்று தெரிந்தே எழுதி, நகலும் எடுத்து வைத்த கடிதங்களில் என்ன உண்மை இருக்கும்? ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர் வேறு. தேர்தல் சண்டையில் நானும் ஒரு இருபது வருட நண்பனை இழந்தவன். இரண்டு தடவை வாட்ஸப்பில் எழுதிவிட்டேன், பதில் இல்லை. இனி அவன் முறை.

கே.

அன்புள்ள கே.,

1812 ஜனவரியிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடிமை விஷயத்தில் ஜெஃபர்சனுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது, விடவும் முடியாது என்று 1820இல் அவரே எழுதினார். நம்மூர்ப் புலிவால். அவருக்கு எதிரான சாட்சியும் அவர் கடிதங்களில்தான் இருக்கிறது.

உலகத்துக்காக எழுதினார்கள் என்கிறீர்கள். 1800 தேர்தலில் தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சனின் பதவியேற்புக்கு நிற்காமல் விடியுமுன் தலைநகரைவிட்டுப் போய்விட்டார். பிறகு பதினோரு வருடம் பேச்சு இல்லை. இருவருக்கும் நண்பரான டாக்டர் பெஞ்சமின் ரஷ்தான் விடாமல் தூது போனார், இருவரும் மறுபடி எழுதிக்கொள்வதாகக் கனவு கண்டேன் என்றுகூட ஆடம்ஸுக்கு எழுதிப் பார்த்தார். ஒருவழியாக 1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் நாலு வரி எழுதினார். 'வீட்டில் நெய்த துணி இரண்டு உருப்படி' தனியே அனுப்புவதாக அதில் ஒரு குறும்பு. அனுப்பியது துணியல்ல, அவர் மகன் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளின் இரண்டு தொகுதிகள்! கடிதம் முன்னால் வந்துவிட்டது, பொட்டலம் பின்தங்கிவிட்டது. ஜெஃபர்சன் துணி என்றே நம்பி, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பதையும் நெய்வதையும் பற்றிச் சிரத்தையாக விளக்கிப் பதில் எழுதி அனுப்பினார். அந்தப் பதிலைத் தபாலில் சேர்க்கப் போன ஆள்தான் திரும்பும்போது புத்தகங்களைக் கொண்டுவந்தான். வரலாற்றுக்காகப் பொய் எழுதுகிறவன் இப்படியா அசடு வழிவான்?

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. 'இனி அவன் முறை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. 1812 முதல் 1826 வரையிலான பதினான்கு வருடங்களில் ஆடம்ஸ் எழுதியவை 109, ஜெஃபர்சன் எழுதியவை 49. உங்களுடைய ஒரு கடிதத்துக்கு நான் நாலு எழுதினால் என்ன, உங்கள் ஒன்று என் நாலைவிடப் பெறும் என்று 1813இல் எழுதினார் அந்த மனிதர். ஊரறிந்த கோபக்காரர், ரோஷக்காரர், ஜனாதிபதியாக இருந்தவர்! நீங்கள் இரண்டு வாட்ஸப் செய்தி போட்டுவிட்டு ரசீது கேட்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? அதே கடிதத்தில்தான், நம்மை நாம் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளாமல் செத்துவிடக் கூடாது என்றும் எழுதினார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த 'முறை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக்கிணறு, ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். அதில் ஒரு கோடையில் சண்டை வந்து பேச்சு நின்றது. அப்பா வேலைக்காக வெளியூர் வந்த பிறகு ஒரு பொங்கலுக்கு எழுதினார், பதில் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு அம்மா இன்லண்ட் லெட்டரை எடுத்து நீட்டியபோது, "போன வருஷம் நான் எழுதியாச்சு, இப்ப அவர் முறை" என்றார். அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே பதில்தான்.

பெரியப்பா காரியத்துக்குப் போயிருந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து பெரியம்மா ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தார். மேலே எங்கள் வீட்டு விலாசம். உள்ளே பிள்ளையார் சுழி, 'அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல்', அவ்வளவுதான். தேதி இல்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதில் அச்சிட்டிருந்த தபால்தலையின் விலையை வைத்து, அது தன் பொங்கல் கடிதத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.