குவாசிதுகள்கள் நிஜமாகவே இருக்கின்றனவா, கணக்குக்காகச் செய்துகொண்ட ஏற்பாடா?

நிஜமாகவே இருக்கின்றன, ஆனால் பொருளுக்குள் மட்டும். வெளியே எடுத்து வெற்றிடத்தில் பறக்கவிட முடியாது.

ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் 10²²-க்கும் அதிகமான கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இத்தனையையும் தனித்தனியாகக் கணக்கிட யாராலும் ஆகாது. 1956-ல் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் இதற்கு வழி காட்டினார். இந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சமாக ஆற்றல் கொடுத்தால், விளைவு ஒன்றையொன்று அவ்வளவாகப் பாதிக்காத சில துகள்களின் நடமாட்டம் போலவே அமையும். அந்தத் துகள்கள்தான் குவாசிதுகள்கள். ஒவ்வொன்றுக்கும் தனக்கென நிறை, ஆயுள் எல்லாம் உண்டு. அணிக்கோவை, அதாவது திண்மத்தில் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, அதிரும்போது பிறக்கும் ஃபோனானும் இந்த வகைதான்.

சரி, இது வெறும் கணக்கு வசதி இல்லை என்று எப்படிச் சொல்வது? போரான் கலந்த சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் செலுத்தி, குறுக்கே காந்தப்புலம் வைத்து, பக்கவாட்டு மின்னழுத்தத்தை அளந்தால் குறி நேர்மறையாக வரும், அதாவது மின்னோட்டத்தைச் சுமப்பவை நேர்மின்னூட்டம் கொண்டவை போல. "எலக்ட்ரான்கள்தானே நகர்ந்து காலியிடத்தை நிரப்புகின்றன, துளை என்று அந்தக் காலியிடத்தைச் சொல்வது பேச்சுக்குத்தான்" என்று பலர் விளக்குவார்கள். அது போதாது. சாதாரண எலக்ட்ரான்கள் தாவுவது மட்டும்தான் நடக்கிறது என்றால் குறி எதிர்மறையாகவே வந்திருக்க வேண்டும். அணிக்கோவைக்குள் எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் வரம்பான ஆற்றல் பட்டையின் உச்சியில், எலக்ட்ரானின் விளைவுறு நிறையே (விசைக்கு அது எப்படி முடுக்கமடைகிறது என்பதைக் காட்டும் நிறை) எதிர்மறையாகிவிடுகிறது. அந்த நிலைமையைச் சரியாகச் சொல்வது நேர்மின்னூட்டமும் நேர் நிறையும் கொண்ட துளைதான். எனக்கு இந்த ஒரு அளவீடே போதும்.

இதைவிட வியப்பானதும் உண்டு. மிகக் குறைந்த வெப்பநிலையில், வலுவான காந்தப்புலத்தில், மெல்லிய தளத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரான்களிடையே எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கொண்ட குவாசிதுகள்கள் தோன்றும் என்று 1983-ல் அமெரிக்க இயற்பியலாளர் லாஃப்லின் கணித்தார். மின்னோட்டத்தின் இரைச்சல், அதைச் சுமக்கும் ஒவ்வொரு துகளின் மின்னூட்டத்தையும் பொறுத்தது. 1997-ல் பிரான்ஸிலும் இஸ்ரேலிலும் இரண்டு குழுக்கள் அந்த இரைச்சலை அளந்து அதே மூன்றில் ஒரு பங்கைக் கண்டன. அங்கே எந்த எலக்ட்ரானும் உடையவில்லை!

அப்புறம், எல்லை ஒன்று உண்டு. குவாசிதுகள் சிதைந்துவிடும். சாதாரண உலோகத்தில் ஃபெர்மி மட்டத்திலிருந்து (மிகக் குளிர்ந்த நிலையில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) விலக விலக, விலகலின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஆயுள் குறையும். அது தெளிவாக அடையாளம் காணும் அளவுக்கு நீடிக்கும்வரைதான் துகள் என்ற பேச்சு பொருந்தும். மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் செப்பு ஆக்சைடு மீக்கடத்திகள் சிலவற்றில், மீக்கடத்தல் நின்றுபோகும் வெப்பநிலைக்கு மேலே, இந்தப் படமே பொருந்துமா என்பது இன்னும் தீராத விவாதம்.