கடன் வாங்குவதற்கு முன் காதைப் பாருங்கள்

கேள்வி: நான் பண்ருட்டி பக்கத்துக் கிராமத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறேன். கணவர் கொத்தனார். செப்டம்பரில் பிறந்த பையனுக்கு 3 வயது 4 மாதம். எடை 11 கிலோ. அம்மா, தண்ணி, போ என்று தனித்தனி வார்த்தைதான் வருகிறது. பால்வாடியில் சோறு மட்டும்தான், எழுதச் சொல்லித் தருவதில்லை என்று கேரியரில் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பையன் என்னோடு ஷெட்டில் இருப்பான். மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் எடுத்து ப்ளே ஸ்கூலில் சேர்த்தால் பேச்சு வந்துவிடுமா?

பதில்: சகோதரி, அந்தக் கடனை இப்போது எடுக்காதீர்கள். பேச்சு தாமதமாவதற்குக் காரணம் என்னவென்று தெரியாமல் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பணம்தான் கரையும்.

இரண்டு வயதில் ஒரு குழந்தை "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லும். மூன்று வயதில் மூன்று வார்த்தை சேரும். உங்கள் பையன் இன்னும் ஒற்றை வார்த்தையில் நிற்கிறான். "ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு ஆறு மாதம் காத்திருந்து நாளைக் கடத்தியவர்கள் நிறைய. முதலில் பார்க்க வேண்டியது காது. அடிக்கடி சளி பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தாலே குழந்தைக்குப் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புகிறானா என்று வீட்டில் பாருங்கள். ஆனால் திரும்பிவிட்டான் என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் காது மந்தமான குழந்தையும் திரும்பும்.

இதற்குச் செலவில்லாத வழி பால்வாடியிலிருந்தே தொடங்குகிறது. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, வளர்ச்சித் தாமதத்தையும் காது, கண் குறைகளையும் பார்க்கும். கேரியர் கொடுத்துச் சோறு வாங்கிவந்தால் அன்று உங்கள் பையன் அவர்கள் கண்ணில் படமாட்டான். அடுத்த வருகை எப்போது என்று டீச்சரிடம் கேளுங்கள். நாள் தள்ளியிருந்தால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள். கேட்கும் திறன் சோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டும் அந்த வழியில் கிடைக்கும். இன்னும் நுட்பமான சோதனை வேண்டும் என்றால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும்போது அவன் சொல்லும் எல்லா வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது, அந்தத் தாள்தான் பேசும்.

அடுத்தது எடை. இந்த வயதில் 11 கிலோ என்பது தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் மஞ்சள் பட்டையில், அதாவது எடை குறைவு என்ற பகுதியில் விழும். பால்வாடியில் செருப்பு, கனமான துணி இல்லாமல் எடை போட்டு, உயரமும் எடுத்து, மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கவனம் வேண்டும். 11.5க்குக் கீழே என்றால் உடனே மருத்துவர். 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான். சட்டப்படி பால்வாடிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு சத்து, இவ்வளவு புரதம் சேர வேண்டும் என்று அளவு இருக்கிறது. கேரியரில் வீட்டுக்கு வரும் சோறும் முட்டையும் நாலு பேருக்குப் பங்காகிவிடும், அவனுக்குப் பாதிகூடச் சேராது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.

ஷெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொட்டை ஓட்டில் ஊறும் எண்ணெய் உங்கள் கையையே கொப்புளமாக்குகிறது. சாம்பல் பூசிக்கொண்டுதானே உட்காருகிறீர்கள்? கீழே கிடக்கும் ஓட்டை எடுத்து வாயில் வைக்கிற வயது அவனுக்கு. காலையில் நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கும் பால்வாடி திறக்கும் நேரத்துக்கும் இடையில்தான் சிக்கல் வரும். ஷெட்டில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் மூன்று நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு நாள் தாமதமாக வந்து பிள்ளைகளைப் பால்வாடியில் விட்டுவருவது என்று மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள்.

எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வயதில் பென்சிலைப் பிடித்து அழுத்த விரலிலும் மணிக்கட்டிலும் இன்னும் வலு வராது. களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, பாட்டுக்குக் கை தட்டுவது எல்லாம்தான் அதற்கு முன்வேலை. வீட்டில் ஒன்று செய்யுங்கள். அவன் குடத்தைக் காட்டி "தண்ணி" என்றால் டம்ளரை உடனே நீட்டிவிடாதீர்கள். "தண்ணி வேணுமா? தண்ணி குடிக்கலாமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். அவன் சொன்னதோடு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வதுதான் இதில் சூட்சுமம். சொல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள், பிள்ளையை அழவிட வேண்டாம். செல்போன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சோறு ஊட்டும்போது அறவே வேண்டாம்.

தனியார் பள்ளி ஆசை தப்பில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும். ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்து, நான்கு தாண்டாமல் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு அன்றைக்கு 3 வயது 10 மாதம் ஆகியிருக்கும். அதனால் இந்த வருடத்தை விட்டால் எல்.கே.ஜி.க்கு வாய்ப்பு போய்விடும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதத்தில் இணையத்தில் திறக்கும். 2025-ல் அக்டோபர் வரை இழுத்தது, அதனால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பிறப்புச் சான்று, ஆதார் அல்லது ரேஷன் கார்டு, சாதிச் சான்று இப்போதே தயாராக இருக்கட்டும். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு வருமானச் சான்று தேவையில்லை. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்று வேண்டும், அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடக்கும். பிறப்புச் சான்றில் பையன் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.