கேரவனில் லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் மாட்டினால் போதுமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பேட்டரியை மாட்டுவது சுலபம். அதைச் சார்ஜ் செய்யும் கருவிகளில்தான் வேலை இருக்கிறது.

நீங்கள் வாங்க வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தை 80 சதவீதத்துக்கு மேலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனவே பழைய 200 ஆம்ப்-ஹவர் கொள்ளளவு இருந்த இடத்தில் 120 போதும், எடையும் பாதிக்குக் கீழேதான்.

இப்போது சார்ஜர். 12 வோல்ட் லித்தியத்துக்குச் சுமார் 14.2 முதல் 14.6 வோல்ட் வேண்டும். 13.6 வோல்ட்டில் நின்றுவிடும் பழைய கன்வெர்ட்டர் (கேரவனில் உள்ள சார்ஜர்) அதை முழுதாக நிரப்பத் திணறும். ஈக்வலைஸ் வசதி (லெட் ஆசிட்டுக்கான கூடுதல் வோல்ட் சார்ஜ்) இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். சோலார் கன்ட்ரோலரிலும் லித்தியம் செட்டிங் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில். லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. கொடுக்கிற கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் நெடுநேரம் முழுத் திறனில் உழைத்துச் சூடேறி எரிந்துபோகவும் கூடும், குறிப்பாக என்ஜின் ஐடிலில் ஓடும்போது. நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் கரண்ட் கட்டுக்குள் இருக்கும். என்னைக் கேட்டால் இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம், 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்கள் நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பிரதேசம் என்றால் ஹீட்டர் உள்ள பேட்டரியாகப் பாருங்கள். என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரி லெட் ஆசிட்டாகவே இருக்கட்டும்.