பித்தநாளத்தில் வைத்த ஸ்டென்ட்டை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ஆறு ஆண்டுகளாக நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறது. காமாலை கண்டதால் இரண்டரை மாதங்களுக்கு முன் எண்டோஸ்கோப்பி மூலம் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது காமாலை இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனாலும் மூன்றாம் மாதம் ஸ்டென்ட்டை மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். தொந்தரவே இல்லாதபோது அப்படியே விட்டால் என்ன?

பதில்: விடக்கூடாது. காமாலை இறங்கியிருக்கிறது என்றால் ஸ்டென்ட் வேலை செய்கிறது என்று பொருள். அடைப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் முன்சிறுகுடலைச் சேருமுன் கணையத்தின் தலைப்பகுதி வழியாகச் செல்கிறது. கணையம் ஆண்டுக்கணக்கில் புண்பட்டு, தழும்பேறி இறுகும்போது நாளத்தின் அந்தப் பகுதியும் நெரிக்கப்பட்டுச் சுருங்குகிறது. காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். ஆனால் இது வெளியிலிருந்து குழாயை அழுத்தும் தழும்பு என்பதால் எந்த இலையாலும் மாத்திரையாலும் அதை விரிக்க முடியாது.

உங்கள் கணவருக்கு வைத்திருப்பது பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான விட்டமுள்ள குழாய். மூன்று மாதம் கழித்து அதை வெளியே எடுக்கும்போது, உள்ளே கரும்பச்சை நிறக் கசடு களிம்பு போல அடைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நோயாளிக்கோ அதுவரை எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது. முழுதாக அடைத்துவிட்டால் தேங்கிய பித்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டு, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். அது இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுருக்கம் நிலையாக விரிவதற்கு, ஒரு ஸ்டென்ட்டுக்குப் பதிலாகப் பல ஸ்டென்ட்டுகளை அருகருகே வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, ஏறக்குறைய ஓராண்டு தொடர்வது ஒரு முறை. முழுவதும் உறையிட்ட உலோக ஸ்டென்ட் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வரை விரியும் என்பதாலும் அதைப் பல மாதங்கள் விட்டுவைக்கலாம் என்பதாலும், திரும்பத் திரும்ப ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைக்கவும் மாற்றவும் செய்யும் சிகிச்சை) செய்யும் தேவை குறைகிறது. எனினும் அதையும் குறித்த காலத்தில் எடுத்தே ஆக வேண்டும். கணையத் தலையில் சுண்ணாம்புக் கற்கள் நிறைய இருந்தால் சுருக்கம் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் அப்படியானால், பித்தநாளத்தைச் சிறுகுடலுடன் இணைக்கும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை.

இத்தகைய சுருக்கத்துக்குப் புற்றுநோயும் காரணமாக இருக்கலாம். எனவே ஸ்கேன், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றால் அது இல்லையென்று உறுதி செய்துவிட்டார்களா என உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குடியும் புகையும் இருந்தால் இரண்டையும் முழுமையாக நிறுத்த வேண்டும்.

மாற்றும் நாளுக்கு முன்பே காய்ச்சல், நடுக்கம், வலது மேல்வயிற்று வலி, சிறுநீர் அடர்மஞ்சளாவது ஆகியவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி குறிக்கப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.